லிட்டர் சொல்லாத நீளம்

கார் விற்கும் கடையில் டிக்கியைப் பற்றிக் கேட்டால் ஓர் எண்ணோடு பேச்சு முடிந்துவிடும். கிராண்ட் ஐ10 நியோஸுக்கு 260 லிட்டர், டிசையருக்கு 382 லிட்டர், வெர்னாவுக்கு 528 லிட்டர். எண் பெரிதானால் இடமும் பெரிது என்று வாங்குபவர் தலையாட்டிவிட்டு, மைலேஜைப் பற்றி விசாரிக்கப் போய்விடுவார். கோல்ஃப் ஆடுகிறவரால் அப்படிப் போக முடியாது. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: பை உள்ளே போய், மூடி மூடுமா? அந்தக் கேள்விக்கு 260-உம் பதில் சொல்லாது, 382-உம் பதில் சொல்லாது. ஏன் சொல்லாது என்பதில் பள்ளிக்கூட வடிவியலும் கொஞ்சம் இயற்பியலும் ஒரு வரிச் சட்டமும் கலந்திருக்கின்றன.

சென்னையின் பழைய கோல்ஃப் மைதானங்கள் கிண்டியிலும் நந்தனத்திலும் அமைந்தவை. வடசென்னையின் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பையன்கள் கால்பந்து ஆடுவார்கள், குத்துச்சண்டை பழகுவார்கள், தெருமுனையில் கேரம் ஆடுவார்கள், கோல்ஃப் ஆடுவதில்லை. ஆனாலும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போக வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பொருளை ஓர் இடத்துக்குள் அடக்குவதுதான் துறைமுகத்தின் அன்றாட வேலை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கடலோரத்தில் கன்டெய்னருக்குள் சரக்கும், கப்பலுக்குள் காரும், கூடைக்குள் மீனும் நாள் முழுக்க அடங்கிக்கொண்டே இருக்கின்றன. தமிழ்நாட்டின் கார்த் தொழிலுக்கும் இந்த மண்ணோடு பழைய உறவு உண்டு. 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போன அசோக் லேலண்டாக அது பெயர் மாறியது 1955-இல்தான். இன்று இங்கே கார் செய்வதில்லை. ஆனால் திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் செய்த கார்களில் பல வெளிநாட்டுக்குக் கப்பலேறுவது எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில்.

முதலில் பையைப் பார்ப்போம். ஓர் ஆட்டக்காரர் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1938-இலும் பிரிட்டனில் அடுத்த ஆண்டிலும் வந்த விதி இது. அதில் நீளமானது டிரைவர் என்ற மட்டை. முதல் அடிக்கு எடுப்பது. விதிப்படி அது 48 அங்குலம்வரை போகலாம். தொழில்முறைப் போட்டிகளில் 2022 முதல் 46 அங்குல வரம்பு வந்திருக்கிறது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 45 அங்குலத்தை ஒட்டியது, அதாவது 114 சென்டிமீட்டர். பைக்குள் மட்டைகள் பிடி கீழே, தலை மேலே என்று நிற்கும். பையின் அடிப்பாகம், வெளியே நீட்டும் தலை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 125 சென்டிமீட்டர் நீளம். குறுக்களவு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இதை ஒரு செவ்வகப் பெட்டியாகக் கருதினால் கன அளவு 112 லிட்டர்தான் வருகிறது. 260 லிட்டர் டிக்கியில் இதுபோல் இரண்டு போய், மேலே இன்னொரு கைப்பைக்கும் இடமிருக்க வேண்டும்.

இப்போது இரண்டு பெட்டிகளை மனதில் கட்டுங்கள். ஒன்று 100 சென்டிமீட்டர் அகலம், 65 ஆழம், 40 உயரம். இன்னொன்று 130 அகலம், 50 ஆழம், 40 உயரம். பெருக்கிப் பாருங்கள்: இரண்டும் சரியாக 260 லிட்டர். இரண்டாவதில் கோல்ஃப் பை குறுக்கே படுத்து, இரு முனையிலும் இரண்டிரண்டு விரல் இடம் மிச்சம் வைக்கும். முதலாவதில் நேராகவும் போகாது, சாய்த்தாலும் போகாது, தூக்கி நிறுத்தினாலும் போகாது. விளம்பரத் தாளில் இந்த இரண்டு டிக்கிகளுக்கும் ஒரே எண் அச்சாகும்.

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடிந்ததும் அன்னக்கூடைகளில் மீன் அள்ளுவதைக் கவனித்திருந்தால் இதில் வியப்பே இருக்காது. நெத்திலியைக் கொட்டினால் கூடையின் வடிவம் எதுவானாலும் அது மூலை முடுக்கெல்லாம் போய் நிரம்பும். கூடை எத்தனை லிட்டரோ, ஏறக்குறைய அதற்கேற்ற நெத்திலி. ஒரு மீட்டர் நீள வஞ்சிரத்தை அதே கூடையில் வைத்தால் வால் வெளியே நிற்கும். கூடைக்குள் காலி இடம் எவ்வளவு இருந்தாலும் அந்த வாலுக்கு அதனால் பயனில்லை. பொருள் எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு லிட்டர் உண்மை பேசும். பொருள் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அது ஏமாற்றும்.

கோல்ஃப் பந்தை வைத்தே இதைச் சோதிக்கலாம். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. ஒரே அளவு உருண்டைகளை அடுக்காமல் அப்படியே கொட்டினால் அவை இடத்தில் சுமார் 64 விழுக்காட்டை நிரப்பும். மீதி 36 விழுக்காடு உருண்டைகளுக்கு நடுவே காற்று. அப்படிப் பார்த்தால் நம் 260 லிட்டர் பெட்டியில் நான்காயிரத்தைத் தாண்டிய பந்துகள் போகும். எடை மட்டும் 185 கிலோவுக்கு மேல். ஒரு பையை ஏற்க மறுத்த முதல் பெட்டி நான்காயிரம் பந்துகளை ஏற்றுக்கொள்ளும். இரண்டு பெட்டிக்கும் பந்துக் கணக்கில் பெரிய வேறுபாடே இராது.

அப்படியானால் கார் நிறுவனங்கள் லிட்டரை எப்படி அளக்கின்றன? தண்ணீர் ஊற்றி அல்ல. ஐஎஸ்ஓ 3832 என்ற பன்னாட்டுத் தரத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஜெர்மானிய கார்த் தொழில் சங்கம் பின்பற்றும் முறையும் இதே வகைதான். 200 மில்லிமீட்டர் நீளம், 100 அகலம், 50 தடிமன் உள்ள கட்டைகளை டிக்கிக்குள் அடுக்குவார்கள். ஒரு கட்டை சரியாக ஒரு லிட்டர். எத்தனை கட்டை போகிறதோ அத்தனை லிட்டர். தண்ணீரைவிட இது நேர்மையான அளவு, சந்தேகமில்லை. ஆனால் கட்டை சிறிது. சக்கரத்தின் மேல் எழும்பும் மேட்டுக்கு அருகே ஒரு பொந்து இருந்தால் அங்கே நான்கு கட்டை செருகலாம். விளக்குக்குப் பின்னால் ஒரு குழி இருந்தால் அங்கே இரண்டு. அந்த ஆறு லிட்டரும் விளம்பரத்தில் ஏறிவிடும். அங்கே எந்தப் பையும் போகாது.

அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1100 என்ற தரம் வேறு வழியில் போனது. வெவ்வேறு அளவுள்ள பயணப் பெட்டிகள் அடங்கிய ஒரு தொகுப்பை எடுத்துக்கொண்டு, அவற்றில் எவையெவை உள்ளே போகின்றன என்று பார்க்கும் முறை அது. அந்தத் தொகுப்பிலேயே ஒரு கோல்ஃப் பையும் உண்டு. அங்கே டிக்கியின் வேலைகளில் ஒன்று கோல்ஃப் பையைச் சுமப்பது என்று அளவுகோலை வகுத்தவர்களே எழுதிவைத்துவிட்டார்கள். எனக்கு இந்த இரண்டு முறைகளில் அமெரிக்க முறைதான் அறிவுக்கு உகந்ததாகப் படுகிறது. எதை வைக்கப் போகிறோமோ அதை வைத்து அளப்பது அது. நம் ஊரில் இப்படி ஒரு தொகுப்பு வகுத்தால் அதில் ஒரு 25 கிலோ அரிசி மூட்டையும், ஒரு சூட்கேஸும், ஊருக்குப் போய்த் திரும்பும்போது வரும் பலாப்பழமும் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

*

சாய்த்து வைத்தால் நீளமானது போகும் என்பது எல்லாருக்கும் கைப்பழக்கத்தில் தெரியும். பிதாகரஸ் தேற்றம் சொல்வதும் அதுதான். ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் அந்தப் பெட்டிக்குள் போகக்கூடிய மிக நீளமான நேர்கோடு கிடைக்கும். நம் முதல் பெட்டியில் அது ஏறத்தாழ 126 சென்டிமீட்டர். 114 சென்டிமீட்டர் டிரைவர் ஒன்று மட்டுமென்றால் கீழ் மூலையிலிருந்து எதிர் மேல்மூலைக்குச் சாய்ந்து தாராளமாகப் படுத்துக்கொள்ளும்.

ஆனால் பை நேர்கோடு அல்ல, அதற்குத் தடிமன் உண்டு. தடிமன் மூலைவிட்டத்தைத் தின்னும் வேகத்தை மனக்கணக்கில் பிடிக்க முடியாது. போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 110 சென்டிமீட்டர் அகலமும் 90 ஆழமும் உள்ள டிக்கித் தரையை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைவிட்டம் 142 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் அகலப் பையை அதன்மேல் சாய்த்து வைத்தால், பையின் நான்கு முனைகளும் நான்கு சுவர்களைத் தொடும் நிலையில் அதன் நீளம் எவ்வளவு இருக்கலாம்? கணக்கு 113 சென்டிமீட்டர் என்கிறது. 29 சென்டிமீட்டர் காணாமல் போய்விட்டது, ஏறக்குறைய பையின் அகலமளவுக்கே. நேராக வைத்தால் 110, சாய்த்தால் 113. இவ்வளவு பெரிய தரையில்கூடச் சாய்த்ததால் கிடைத்த லாபம் மூன்று சென்டிமீட்டர்தான். 125 சென்டிமீட்டர் பை வெளியேதான் நிற்கும்.

அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கும் இந்தக் கணக்கே விளக்கம். அவர்கள் டிரைவரையும் மற்ற நீளமான மட்டைகளையும் பையிலிருந்து உருவித் தனியே சாய்த்து வைப்பார்கள். மிச்சமிருக்கும் இரும்பு மட்டைகள் ஒரு மீட்டருக்கு உட்பட்டவை. பையும் அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும். நீளமானதற்குத் தடிமன் இல்லை, தடிமனானதற்கு நீளமில்லை என்று பிரித்துவிட்டார்கள். டிக்கி பெரிதாகவில்லை, பொருள்தான் அதற்கேற்ற வடிவத்துக்கு வந்தது.

இதே கணக்கைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் மணலி, மாதவரம் பக்கத்தில் சி.எஃப்.எஸ் எனப்படும் கன்டெய்னர் சரக்குக் கிடங்கு ஒன்றில் ஸ்டஃபிங், அதாவது சரக்கைக் கன்டெய்னருக்குள் அடுக்கும் வேலை, நடக்கும் நேரம் போய் நிற்க வேண்டும். 20 அடி கன்டெய்னருக்குள் இருக்கும் நீளம் 20 அடி அல்ல. தகரச் சுவரின் தடிமனும் கதவின் தடிமனும் போக உள்ளே சுமார் 5.9 மீட்டர். இரும்புக் குழாய் விற்பனைக்கு வரும் வழக்கமான நீளங்களில் ஒன்று 6 மீட்டர். பத்து சென்டிமீட்டர் இடிக்கிறது. கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர் என்பதால் தரையின் மூலைவிட்டம் 6.35 மீட்டர் வரும். ஒற்றைக் குழாயைச் சாய்த்து உள்ளே விட்டுவிடலாம். கட்டுக் கட்டாக அடுக்க வேண்டுமென்றால் முடியாது. கட்டுக்குத் தடிமன் வந்துவிடுகிறது, இரு பக்கமும் முக்கோண வடிவில் இடம் வீணாகிறது. அதனால்தான் அந்தச் சரக்குக்கு 40 அடி கன்டெய்னர் பிடிக்க வேண்டியிருக்கிறது, எடை குறைவாக இருந்தாலும். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-இல் வந்தது. அன்றுமுதல் சரக்கு அனுப்புகிறவர்கள் இந்தப் பத்து சென்டிமீட்டரோடு பழகி வருகிறார்கள்.

கன்டெய்னரில் இன்னொரு பாடமும் இருக்கிறது. உள்ளே உயரம் 2.39 மீட்டர், கதவு வாயின் உயரம் 2.28 மீட்டர்தான். உள்ளே இடமிருக்கிறது, வாசலில் வழியில்லை. செடான் காரின் டிக்கி இதற்குச் சரியான உதாரணம். பின்கண்ணாடிக்கும் பம்பருக்கும் நடுவே திறக்கும் அந்த வாய், உள்ளிருக்கும் அறையைவிட எப்போதும் குறுகலானது. உள்ளே 130 சென்டிமீட்டர் இருக்கும், வாய் ஒரு மீட்டர் இருக்கும். பையை ஒரு முனை முன்னே விட்டு, உள்ளே கொண்டுபோய், பிறகு திருப்ப வேண்டும். திருப்புவதற்கு ஆழம் வேண்டும். ஆழம் போதாத டிக்கியில், உள்ளே அடங்கக்கூடிய பையும் அடங்குமிடத்துக்குப் போய்ச் சேர முடியாமல் வாசலிலேயே மாட்டிக்கொள்ளும்.

விறைப்பான ஒரு பொருளை மூலை திருப்புவது கணித அறிஞர்களையும் படாத பாடு படுத்தியிருக்கிறது. ஒரு மீட்டர் அகல நடைவழி செங்கோணத்தில் திரும்பினால், அதில் நகர்த்தக்கூடிய மிகப் பெரிய சோபாவின் பரப்பு எவ்வளவு என்று லியோ மோசர் 1966-இல் கேட்டார். ஜோசஃப் கெர்வர் 1992-இல் ஒரு வடிவத்தைக் கொடுத்தார். பரப்பு ஏறத்தாழ 2.22 சதுர மீட்டர். அதைவிடப் பெரியது இருக்க முடியாது என்பதற்கான நிரூபணத்தை ஜினியன் பேக் என்ற கொரியக் கணித அறிஞர் 2024-இல்தான் வெளியிட்டார். வெறும் இரண்டு பரிமாணத்துக்கே இத்தனை ஆண்டு. மூன்று பரிமாணத்தில், வளைந்த விளிம்பும் ஏறுக்குமாறான சுவரும் கொண்ட டிக்கியில் என்ன போகும் என்பதைச் சூத்திரத்தால் சொல்லிவிடலாம் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மூடியைத் தாங்கும் கீல்களையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சில கார்களில் வாத்துக் கழுத்துபோல் வளைந்த இரும்புக் கை மூடியோடு சேர்ந்து டிக்கிக்குள் இறங்கும். திறந்திருக்கும்போது அது கண்ணில் படாது. மூடும்போதுதான் பையின் தலையில் வந்து உட்காரும்.

*

நல்ல டிக்கியில் கோல்ஃப் பைக்கு ஓர் இடம் உண்டு. சக்கர மேடுகளுக்கு நடுவே தரை குறுகலாக இருக்கும். மேடுகளைத் தாண்டி, பம்பர் பக்கம் வந்ததும் இருபுறமும் சுவர் குழிந்து அகலும். சில செடான்களில் அந்தக் குழிவை வேண்டுமென்றே ஆழப்படுத்தி வைத்திருப்பார்கள். பையின் ஒரு முனை ஒரு குழிவிலும் மறுமுனை எதிர்க் குழிவிலும் பொருந்தும். எனவே ஒரு டிக்கியில் கோல்ஃப் ஆட்டக்காரர் பார்க்க வேண்டிய அளவு சக்கர மேடுகளுக்குப் பின்னால் இருக்கும் அந்த அகலம்தான். எந்த விளம்பரத் தாளிலும் அது அச்சாவதில்லை.

இந்திய டிக்கிகளில் அந்தக் குழிவுப் பகுதிதான் முதலில் பலியானது. பலி கேட்டது சட்டம். 2006 பிப்ரவரி பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் 4 மீட்டரைத் தாண்டக்கூடாது, பெட்ரோல் என்ஜின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள் என்பது நிபந்தனை. என்ஜினை முன்னால் வெட்ட முடியாது, பயணிகளின் காலை நடுவில் வெட்ட முடியாது. வெட்டக்கூடிய இடம் பின்னால் ஒன்றுதான். 2008-இல் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4160 மில்லிமீட்டர், டிக்கி 440 லிட்டர். 2012-இல் வந்த அடுத்ததன் நீளம் 3995 மில்லிமீட்டர், டிக்கி 316 லிட்டர். ஒரு சாணுக்கும் குறைவாக வாலை நறுக்கியதில் 124 லிட்டர் போயிற்று.

அதற்கு அடுத்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2017-இல் வந்த மூன்றாவது டிசையரின் நீளம் அதே 3995 மில்லிமீட்டர். டிக்கி 378 லிட்டர். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டாமல் 62 லிட்டர் திரும்பி வந்தது. அடித்தளத்தையே மாற்றி, காரின் அகலத்தை 40 மில்லிமீட்டர் கூட்டியிருந்தார்கள். வரிச் சட்டம் அகலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. கோல்ஃப் பை குறுக்கே படுப்பது என்பதால், அதற்கு ஆழத்தில் கிடைக்கும் பத்து லிட்டரைவிட அகலத்தில் கிடைக்கும் ஒரு லிட்டர் பெரிது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியபின் சிறிய காருக்கு 18 விழுக்காடு, அதைத் தாண்டியதற்கு 40 விழுக்காடு என்றாகிவிட்டது. அந்த நான்கு மீட்டர் கோட்டின் பிடி இன்னும் இறுகியிருக்கிறது. வரப்போகும் கார்களில் இடம் கிடைத்தால் அகலத்தில்தான் கிடைக்கும்.

டிக்கியைத் தின்னும் இன்னொன்று சி.என்.ஜி சிலிண்டர். இதற்கும் எண்ணூருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயிலின் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019-இல் திறக்கப்பட்டது; கிழக்குக் கடற்கரையில் அதுவே முதலாவது, ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவு. கப்பலில் வரும்போது அந்த வாயு மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்ந்து, தன் கன அளவில் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். காரில் அவ்வளவு குளிர்ச்சிக்கு வழியில்லை. அதனால் சுமார் 200 பார் அழுத்தத்தில் திணிக்கிறார்கள். காற்றின் இயல்பான அழுத்தத்தைப்போல் இருநூறு மடங்கு. அந்த அழுத்தம் தட்டையான சுவரை உப்ப வைக்கும், மூலைகளைக் கிழிக்கப் பார்க்கும். வட்டச் சுவரில்தான் அது எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ஆகவே சிலிண்டர் உருளையாக இருந்தே தீர வேண்டும். சதுரத்துக்குள் வட்டம் வரைந்தால் 78.5 விழுக்காடு இடம்தான் வட்டத்துக்குள் வரும். மிச்சமாகும் நான்கு மூலைகளில் எந்தப் பையும் உட்காராது. 60 லிட்டர் சிலிண்டர் ஒன்று டிக்கியில் குறுக்கே படுத்துவிட்டால், கோல்ஃப் பை படுக்க வேண்டிய அதே இடத்தில் அது படுத்துவிட்டது என்று பொருள்.

2023-இல் டாடா நிறுவனம் ஆல்ட்ரோஸ் காரில் ஒன்றுக்குப் பதில் தலா 30 லிட்டரில் இரண்டு சிலிண்டர் வைத்துத் தரைக்கடியில் பதித்தது. கணக்கு அழகானது. அதே நீளத்தில் கொள்ளளவைப் பாதியாக்கினால் விட்டம் பாதியாவதில்லை, 0.707 மடங்காகிறது. 32 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது 23-க்கு இறங்கிவிடும். அழுத்தத்தைத் தாங்க வேண்டிய சுவரின் தடிமன் ஆரத்துக்கு நேர் விகிதம். எனவே சின்ன உருளைக்குச் சுவரும் மெல்லியதாக இருக்கலாம். முனைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஆகும் இரும்பு முன்பு ஒன்றுக்கு ஆனதற்குச் சமம். எடை கூடாமல் உயரம் குறைந்துவிட்டது. அந்தக் காரில் 210 லிட்டர் டிக்கி மிஞ்சியது. பெட்ரோல் வகையில் 345. தட்டையான தரை கிடைத்தது பெரிய விஷயம்தான், ஆனாலும் 135 லிட்டர் போனது போனதுதான்.

*

கோல்ஃப் பை ஒரு நீளப் பிரச்சினை. வடசென்னைக்காரர்களுக்குப் பழக்கமான இன்னொரு பொருள் பரப்புப் பிரச்சினை: கேரம் போர்டு. புதுவண்ணாரப்பேட்டையில் ஆடி வளர்ந்த காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபின் அந்த ஆட்டத்தை நாடே திரும்பிப் பார்த்தது. போட்டிப் பலகையில் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். சுற்றுச் சட்டத்தையும் சேர்த்தால் பக்கம் 88 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். நம் இரண்டு 260 லிட்டர் பெட்டிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பையை ஏற்றது, ஒன்று மறுத்தது. கேரம் போர்டை இரண்டுமே மறுக்கும், எப்படிச் சாய்த்தாலும். பலகைக்கு இரண்டு பக்கமும் நீளம் என்பதால் ஒரு திசையில் தப்பித்தால் மறு திசையில் இடிக்கும். பின்னிருக்கையில் நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

இந்தப் பகுதியின் மீன்பாடி வண்டி இந்தச் சிக்கல் எதிலும் மாட்டுவதில்லை. மூன்று சக்கரம், ஒரு மரத்தட்டு, பழைய என்ஜின் ஒன்று. கூரையும் இல்லை, பின்சுவரும் இல்லை. 20 அடிக் குழாயை ஏற்றினால் பின்னால் நீட்டிக்கொண்டு போகும், முனையில் ஒரு சிவப்புத் துணி ஆடும். அதன் ஆபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நீட்டிய கம்பியில் மோதிப் போன உயிர்கள் நம் சாலைகளில் உண்டு. ஆனால் வடிவியல் தெளிவாக இருக்கிறது: ஒரு பக்கச் சுவரை எடுத்துவிட்டால் அந்தத் திசையில் நீளத்துக்கு வரம்பில்லை. காரில் இதைப் பாதுகாப்பாகச் செய்யும் வழி, மடங்கும் பின்னிருக்கை. 60:40 என்று பிரிந்து மடங்கும் இருக்கையில் சின்னப் பகுதியை மட்டும் சாய்த்தால் பை காரின் நீளவாட்டில் படுத்துக்கொள்ளும், பின்னால் இன்னும் இருவர் உட்காரலாம். 260 லிட்டர் ஹேட்ச்பேக் ஒன்று இப்படிச் சாய்ந்தால், இருக்கை மடங்காத 400 லிட்டர் செடானை கோல்ஃப் பை விஷயத்தில் தோற்கடித்துவிடும். நான்கு மீட்டர் செடான்கள் பலவற்றில் பின்னிருக்கை மடங்குவதே இல்லை. விலை குறைந்த வகைகளில் மடங்கினாலும் மொத்தமாகத்தான் மடங்கும்.

எண்ணூரிலிருந்து புறப்படும் கார்க் கப்பலே ஒரு மாபெரும் டிக்கி. தட்டுத் தட்டாக உள்ளே கார்களை ஓட்டிப்போய், பக்கவாட்டில் ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளி விட்டு நிறுத்தி, தரையோடு வார் போட்டுக் கட்டுவார்கள். அந்தக் கப்பலின் கொள்ளளவை எண்ணும் அலகு 1966-ஆம் ஆண்டு டொயோட்டா கொரோனா: நீளம் 4.125 மீட்டர், அகலம் 1.55. ஒரு கப்பல் 6000 கார் கொள்ளும் என்றால் அந்தக் காலத்துக் கொரோனா 6000 கொள்ளும் என்று பொருள். இன்றைய கிரெட்டாவின் நீளம் 4.33, அகலம் 1.79 மீட்டர், தரைப்பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். பரப்பை மட்டும் வைத்துப் பார்த்தாலே அந்தக் கப்பலில் ஐயாயிரத்தை ஒட்டித்தான் போகும். எதைக் கொண்டு அளந்தார்கள் என்று கேட்காமல் கொள்ளளவைக் கேட்டால் கப்பல் கம்பெனிக்கும் இதே கதிதான்.

கார் வாங்கப் போகும்போது பையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார், நினைத்தாலும் பரவாயில்லை. பத்து லட்சம் கொடுக்கப் போவது நீங்கள். பை இன்னும் வாங்கவில்லையென்றால் இஞ்ச் டேப் போதும். சக்கர மேட்டுக்குப் பின்னால் உள்ள அகலத்தையும், வாயின் மிகக் குறுகலான இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். பையை வைத்தபின் மூடியை முழுக்க அடைத்துப் பாருங்கள். சி.என்.ஜி வகை வாங்குவதாக இருந்தால் சி.என்.ஜி காரின் டிக்கியையே திறந்து காட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் காரைத் திறந்து காட்டி, இதேதான் அதுவும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.